இரண்டு விரல் சரிகை

அளவுகோல் என்னிடம் இல்லை டீச்சரம்மா. இருக்கிறது என்று உங்களுக்குச் சொன்னவன் எவனோ, அவனை என் முன்னால் கூட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டு வார்த்தை கேட்கிறேன். கருங்காலிக் கட்டை, முழ நீளம், விரலுக்கு ஒரு வெள்ளிப் பூண். அதைக் கையில் வைத்து அளந்தவள் அரண்மனை உள்வாசல் காவல்காரி வீராயி. அவளும் போய்ச் சேர்ந்தாள், சமஸ்தானமும் போய்ச் சேர்ந்தது. கோல் எந்த அடுப்பில் எரிந்ததோ எனக்குத் தெரியாது.

உட்காருங்கள். காலேஜில் இருந்து இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள், வெறுமனே அனுப்பமாட்டேன். ஆனால் ஒன்று. நான் சொல்வதைச் சொல்கிறபடி எழுத வேண்டும். அரண்மனை மனிதர்களைக் கேட்டு எழுதினால், மகாராஜா சிக்கனத்தை விரும்பினார், அதனால் சட்டம் போட்டார் என்பார்கள். மகாராஜா சிக்கனத்தை விரும்பிய லட்சணம் எனக்குத் தெரியும். குதிரை வாலுக்குப் பட்டுக் குஞ்சம் கட்டிய மனிதர்.

காகிதத்தில் அதற்கு 'உடுப்பு ஒழுங்கு உத்தரவு' என்று பெரிய பேர். அரியநல்லூர் ஜனங்கள் வைத்த பேர் விரல் சட்டம். அரண்மனைப் பெண்கள் சேலைக் கரையில் சரிகை இன்ன அந்தஸ்துக்கு இத்தனை விரல் அகலம், அதற்கு மேல் கூடாது. மகாராணிக்கு ஒரு சாண், அதாவது பன்னிரண்டு விரல். ராஜாவின் தம்பிமார் வீடு, அதை மேல அரண்மனை என்போம், அவர்களுக்கு நாலு விரல். சித்தப்பா வழியில் வந்த கீழ அரண்மனைக்கு இரண்டு விரல். சர்தார் வீடுகளுக்கு ஒரு விரல். அதற்கும் கீழே வெறும் நூல் கரை. ஒரு இழை கூட இருந்தாலும் உள்வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதை உங்கள் காலேஜில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

இந்தச் சட்டம் வருவதற்கு யார் காரணம்? திவான் இல்லை. இரண்டு வருஷம் மழை இல்லாமல் போனதும் இல்லை. கீழ அரண்மனை கோவிந்தம்ம ஆயி. எழுதிக்கொள்ளுங்கள், கோவிந்தம்ம ஆயி. அரண்மனைப் பெண்களை ஆயி என்றுதான் கூப்பிட வேண்டும், அது அங்கே வழக்கம். அந்த அம்மாள் ஒரே ஒரு சேலையை ஒழுங்காக வாங்கியிருந்தால் அந்தக் கோலே பிறந்திருக்காது.

என் கதையை நீட்டமாட்டேன். என் பேர் குப்பம்மாள். எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை, இதுவாவது தங்கட்டும் என்று குப்பையில் போட்டு எடுத்து வைத்த பேர். அரண்மனையில் அந்தப் பேர்கூட எனக்குக் கிடையாது. சேலைக்காரி, அவ்வளவுதான். புருஷன் ரங்கூனுக்குப் போனார். கடிதாசு இரண்டு வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. கும்பகோணத்துத் தறிக்காரர்கள் வாசலில் மூன்று நாள் நின்று, கெஞ்சி, அப்புறம் சண்டை போட்டு, நாலு பட்டுச்சேலை வாங்கி மூட்டை கட்டித் தலையில் வைத்தேன். பெரிய பெரிய ஜவுளிக்கடை முதலாளிகள் எல்லாரும் அரண்மனை வெளிவாசலோடு நின்றார்கள். ஆம்பிளை உள்ளே போகக் கூடாது. வேலைக்காரி கையில் சேலையைக் கொடுத்தனுப்பிவிட்டு வேப்பமரத்தடியில் விசிறிக்கொண்டு கிடப்பார்கள். நான் பொம்பளை. மூட்டையோடு நேரே உள்கட்டுக்குப் போனேன். அதுதான் என் முதல். மற்றதெல்லாம் வாய்.

வியாபாரம் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏமாந்து ஏமாந்து கற்றேன். விலையை நாம் முதலில் சொல்லக் கூடாது. சேலையின் உடலை முதலில் விரிக்க வேண்டும், கரையை மடித்து வைக்க வேண்டும், அப்புறம் துணியைப் பார்க்கக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். கண் எங்கே நிற்கிறதோ அங்கே விலை. இன்னொன்று. மேல அரண்மனையில் வேண்டாம் என்ற சேலையைக் கீழ அரண்மனையில் விரித்து, "அவங்களுக்கு இது கட்டுப்படியாகலையாம் ஆயி" என்று ஒரு வார்த்தை. போதும். அதற்கு மேல் நான் பேச வேண்டியதில்லை, அவர்களே பேசிக்கொள்வார்கள்.

கரை அப்படித்தான் வளர்ந்தது. நான் முதலில் போன காலத்தில் இரண்டு விரல் சரிகை என்றால் வாயைப் பிளப்பார்கள். ஒரு தீபாவளிக்கு மேல அரண்மனை மூன்று விரல் எடுத்தால் அடுத்த பொங்கலுக்குக் கீழ அரண்மனை நாலு விரல். அவர்கள் ஐந்து, இவர்கள் ஆறு. பத்து வருஷத்தில் சாண் வந்துவிட்டது. சாண் சரிகை போட்ட சேலை என்ன கனம் தெரியுமா? உடுத்திக்கொண்டு வேகமாக நடக்க முடியாது. மெதுவாக நடந்தால்தானே அந்தஸ்து. தறிக்காரன் நெய்தான். கரையை வளர்த்தது என் வாய். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மேற்கொண்டு உங்களுக்குப் புரியும். ஒவ்வொரு சேலையையும் விற்கக் கொண்டுபோவதற்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை உடுத்திப் பார்ப்பேன். ஆசைக்கு இல்லை. தொழிலுக்கு. கொசுவம் எப்படி விழுகிறது, முந்தானை தோளில் நிற்கிறதா வழுக்குகிறதா, இதெல்லாம் உடுத்தாமல் எப்படிச் சொல்வது? அரை மணி நேரம் உடுத்தியிருப்பேன். சில சேலை என்றால் ஒரு மணி நேரம். சுவரில் ஒரு கண்ணாடி உண்டு, முகம் மட்டும் தெரிகிற கண்ணாடி. அதைக் கழற்றிக் கீழே சாய்த்து வைத்துக் கரையைப் பார்ப்பேன். அப்புறம் அவிழ்த்து, பழைய மடிப்பிலேயே மடித்துவிடுவேன். எத்தனையோ சேலை அப்படிப் போயிருக்கிறது. ஒருத்தி கண்டுபிடித்ததில்லை.

அந்த வருஷம் ஆனி மாதம் கோவிந்தம்ம ஆயி கூப்பிட்டனுப்பினாள். அவளுக்கு ஒரே மகள், ராஜாமணி, பதினேழு வயது. தெற்கே கரிசலூர் ஜமீனில் இருந்து நவராத்திரிக்கு வருகிறார்கள். கொலு பார்க்க வருவதாகத்தான் பேச்சு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நல்ல இடம், ஒரே பையன், அவனும் ராஜாமணி போட்டோவைப் பார்த்துவிட்டுச் சரி என்றானாம். அவன் தாயார் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"சேலைக்காரி, மாதுளம்பூ நெறம், சாண் கரை. இந்தச் சீமையில இன்னொருத்திகிட்ட அது இருக்கக் கூடாது."

"இருக்காது ஆயி."

"அவங்க உள்ள வந்தா எம் பொண்ணு மேல கண்ணு நிக்கணும்."

"ராஜாமணி ஆயிக்குச் சேலையே வேண்டாமே, அந்தக் கண்ணு ஒண்ணு போதாதா?"

"இதையே நீ நூல் கரை கட்டுறவகிட்டயும் சொல்லுவே. போ, போய் நெய்யச் சொல்லு."

ராஜாமணி தூணுக்குப் பக்கத்தில் நின்று சிரித்தாள். அவள் சிரிப்பு நன்றாக இருக்கும். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு மாதம் நெய்தார்கள். அப்படி ஒரு சேலை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கொண்டுபோகிற அன்றைக்குக் காலையில் வழக்கம்போலக் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் நேரமாகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

ஆயி மடிப்பைப் பிரித்தாள். கரையைப் பார்க்கவில்லை. இடுப்புக்கு வரும் இடத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். குறுக்கே இரண்டு கோடு. பட்டில் விழுந்தால் போகாத கோடு. மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"யாரு உடுத்தினது?"

"யாரும் உடுத்தலை ஆயி. தறி மடிப்பு."

"தறி வெத்தலை போடுமா?"

ராஜாமணிதான் பேசினாள். "அதனால என்னம்மா. காத்தாடப் போட்டா வாசனை போயிரும். எனக்குப் புடிச்சிருக்கு."

"நீ சும்மா இரு. சேலைக்காரி ஒடம்புல ஏறி எறங்கினதை நீ உடுத்திக்கிட்டு அவங்க முன்னால உக்காரப் போறியா?"

அதோடு விட்டிருக்கலாம். வேலைக்காரியைக் கூப்பிட்டாள். அந்த வேலைக்காரி கொடியில் துணி எடுக்கிற கம்பைக் கொண்டுவந்து, அந்தச் சேலையைக் கையால் தொடாமல் கம்பில் தூக்கி, என் மூட்டை மேல் போட்டாள். கம்பில் தூக்கி, டீச்சரம்மா. செத்த எலியைத் தூக்குவதுபோல. அவர்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் முப்பது சேலையும் என் உடம்பில் ஏறி இறங்கியதுதான். சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்ற வீடுகளும் போகும். வாயை மூடிக்கொண்டு வந்தேன். நான் வாயை மூடிக்கொண்டு வந்த நாள் என் ஆயுசில் அது ஒன்றுதான்.

வெயிலில் நடக்கிறேன், உடம்பெல்லாம் எரிகிறது. வழியில் திவான் வீடு. அவர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர்கள். அந்த அம்மாள் பட்டுக்கு ஆசைப்படாதவள், வருஷத்துக்கு இரண்டு நூல் புடவை எடுப்பாள், ஆனால் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

"என்னடி குப்பம்மா, மூஞ்சி இப்படிச் செவந்திருக்கு? மோர் குடிக்கறியா?"

மோர் குடித்தேன். அப்புறம் கொட்டிவிட்டேன். யார் யார் எத்தனை சேலை, எத்தனை விரல் கரை, எந்தத் தீபாவளிக்கு எந்தத் தோப்பை விற்றார்கள், கீழ அரண்மனை ஆயி போன வருஷம் சேலைக்காகத் தென்னந்தோப்பையே கைமாற்றியது, எல்லாம். நாள் கிழமையோடு சொன்னேன். என் தலையில் அது எல்லாம் அப்படியே இருக்கும். உள் அறையில் திவான் சாய்வு நாற்காலியில் இருந்திருக்கிறார். வாசற்படிக்கு வந்து நின்றார். கையில் பென்சில்.

"இன்னொரு தரம் சொல்லு. நிதானமா."

சொன்னேன். மெட்றாஸில் இருந்து துரை கடிதம் மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாராம், அரண்மனைச் செலவைக் குறை என்று. எங்கே குறைப்பது என்று இவருக்குத் தெரியவில்லை. எனக்கு அது எப்படித் தெரியும்? விளையாட்டாகக் கேட்கிறாற்போலத்தான் கேட்டார்.

"உன்னைக் கேட்டா, எந்த வீட்டுக்கு எத்தனை விரல் தகும்?"

"மகாராணிக்குச் சாண் இருந்துட்டுப் போகட்டும் சாமி. மேல அரண்மனைக்கு நாலு போதும்."

"கீழ அரண்மனை?"

"ரெண்டே ஜாஸ்தி."

எழுதிக்கொண்டார். நான் மோர்ச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். இவ்வளவுதான் நான் செய்தது. கேட்டார், சொன்னேன். ஒரு பெரிய மனிதர் கேட்டால் சொல்லாமல் இருப்பதா?

ஆவணி கடைசியில் தமுக்கு அடித்தார்கள். அச்சடித்த காகிதம் வீடு வீடாகப் போனது. மேல அரண்மனை நாலு, கீழ அரண்மனை இரண்டு. நான் சொன்ன விரல், அப்படியே. எனக்கு முதலில் சிரிப்பாக வந்தது. ஒரு மணி நேரம் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. தறியில் சாண் கரைச் சேலை ஆறு ஏறியிருக்கிறது, எல்லாம் நான் சொல்லி ஏற்றியது. இனி யார் வாங்குவார்கள்? பத்து வருஷமாக வாயால் வளர்த்த கரையை ஒரே காகிதத்தில் நறுக்கிவிட்டார்கள். யாரால்? நீங்களே சொல்லுங்கள். அந்த அம்மாள் அன்றைக்கு அந்தச் சேலையை வாங்கியிருந்தால் எனக்குக் கோபம் ஏன் வருகிறது? கோபம் வராவிட்டால் நான் திவான் வீட்டுப் படி ஏன் ஏறுகிறேன்? அதனால்தான் சொல்கிறேன், கோவிந்தம்ம ஆயி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. தபால்காரரை உட்காரவைத்து அந்தக் காகிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். மகாராணியில் ஆரம்பித்து, அரண்மனைத் தாதி, பூக்கட்டுகிறவள் வரைக்கும் இருந்தது. "சேலைக்காரி?" என்றேன். மேலே இருந்து கீழே வரை விரலை ஓட்டிப் பார்த்தார். "உன்னைப் பத்தி ஒண்ணும் இல்லையே ஆத்தா" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

நவராத்திரி ஐந்தாம் நாள் பெண்கள் கொலு. நான் வருஷா வருஷம் போய்ப் பின்னால் தூணோரம் நிற்பேன். யார் என்ன உடுத்தி வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவைத்தால் தீபாவளி வியாபாரத்துக்கு ஆகும். அந்த வருஷம் தலைக்குக் குளித்தேன். மாதுளம்பூச் சேலையை எடுத்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே உடுத்தினேன்.

உள்வாசலில் வீராயி குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மடியில் கோல்.

"என்னடி இது?"

"சேலை."

"அது தெரியுது. எத்தன விரலு?"

"கையில கோலை வச்சுக்கிட்டு எங்கிட்ட கேக்குறே?"

முட்டிபோட்டு அளந்தாள். இரண்டு தடவை அளந்தாள். "பன்னெண்டு. அடிப்பாவி, மகாராணிக்குத்தான் பன்னெண்டு."

"மகாராணிக்குப் பன்னெண்டுன்னு எழுதியிருக்கு. சேலைக்காரிக்கு எத்தனைன்னு எழுதியிருக்கு? குமாஸ்தாவைக் கூப்பிடு."

குமாஸ்தா வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காகிதத்தைப் புரட்டினார். பின்பக்கம்கூடப் பார்த்தார்.

"சேலைக்காரின்னு ஒரு வகையே போடலை."

"அப்ப உள்ள விடலாமா, கூடாதா?" என்றாள் வீராயி.

"போட்டிருந்தாத் தடுக்கலாம். போடாததை நான் எப்படித் தடுக்க? தடுத்தா நாளைக்கு என்னைக் கேப்பாங்க, எந்தப் பிரிவுலன்னு."

வீராயி காலை மடக்கி வழிவிட்டாள். "போ. உள்ள ஒன்னை என்ன செய்யப் போறாங்களோ" என்றாள்.

உள்ளே போனேன். கூடம் நிறையப் பெண்கள், எல்லாரும் வரிசைப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், மகாராணி வருகிறவரை யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. ஒவ்வொருத்தியாகத் திரும்பினாள். என் கரையைப் பார்த்தாள், தன் கரையைப் பார்த்துக்கொண்டாள். கோவிந்தம்ம ஆயியும் பார்த்தாள். எந்தச் சேலை என்று அவளுக்குத் தெரியாதா? இத்தனை வருஷ வியாபாரத்தில் அந்த முகத்தைப் போல ஒரு லாபம் எனக்கு வந்ததில்லை. ராஜாமணி கொலுவுக்கு முன்னால் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு விரல் கரையில், இலைப்பச்சைச் சேலை. கடையில் கிடைக்கிற சேலைதான்.

நான் பின்னால் தூணோரம்தான் நின்றேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் போகவில்லை. அப்போது கரிசலூர் ஜமீன் பெண்கள் வந்தார்கள். பையனின் தாயார் பெரிய நாச்சியார், கூட அவர் தங்கை. ஊருக்குப் புதுசு, ஒரு முகமும் தெரியாது. வாசலில் குமாஸ்தா சொல்லி அனுப்பியிருக்கிறார்: எங்கள் சமஸ்தானத்தில் கரையைப் பார்த்து மரியாதை செய்யுங்கள், தப்பே வராது என்று. அவர்கள் கண் கூடத்தைச் சுற்றி வந்து என் மேல் நின்றது. இரண்டு பேரும் நேரே வந்து கை கூப்பினார்கள்.

"நிக்கிறீகளே, உக்காருங்க தாயி. நீக நின்னா நாங்க எப்படி உக்கார?"

என்னை அந்த அரண்மனையில் பத்து வருஷத்தில் யாரும் உட்காரச் சொன்னதில்லை. மூட்டையை இறக்கு என்பார்கள், விரி என்பார்கள், மடி என்பார்கள். உட்கார் என்று ஒரு வாய் சொன்னதில்லை. கம்பளம் என் காலுக்குக் கீழே மெத்தென்று இருந்தது. உட்கார்ந்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

எனக்கு இரண்டு பக்கமும் அவர்கள். வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். பெரிய நாச்சியார் என் காதுக்கிட்டே குனிந்தார்.

"வெளக்குக்கிட்ட இருக்கே, அந்தப் புள்ள யாரு தாயி? லட்சணமா இருக்கே."

"கீழ அரண்மனைப் பொண்ணு. ராஜாமணி."

"அந்தப் புள்ளதானா. போட்டோவைவிட நேர்ல நல்லாருக்கு. பெரிய எடம்னு சொன்னாகளே?"

"ரெண்டு விரல்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். உத்தரவில் இருப்பதைச் சொன்னேன். அதில் என்ன பொய் இருக்கிறது? அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்?

சரி. இன்னொன்றும் கேட்டார்கள். அந்தத் தங்கைக்காரி கொஞ்சம் விவரமானவள். "இது இப்ப வந்த சட்டம்தானே அக்கா. அதுக்கு முன்னால எப்படின்னு கேளுங்க" என்றாள். பெரிய நாச்சியார் என் முகத்தைப் பார்த்தார். நான் எதிரே பார்த்தேன். கோவிந்தம்ம ஆயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பு கண் முன்னால் வந்தது. இந்தச் சேலையே அந்தப் பெண்ணுக்கு நெய்ததுதான் என்று சொன்னால், நான் யார் என்று சொல்ல வேண்டும். எழுந்திருக்க வேண்டும். உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"முந்தியும் அப்படித்தான்" என்றேன்.

பெரிய நாச்சியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டுல நாலுக்குக் கொறஞ்ச எடத்துல பொண்ணு எடுக்க மாட்டாக" என்று தங்கையிடம் மெதுவாகச் சொன்னார். அப்புறம் விளக்குப் பக்கம் திரும்பவில்லை.

மகாராணி வந்தார்கள். எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். மகாராணியின் கண் நேரே என்னிடம் வந்தது. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், எனக்குக் கோபத்தோடு பேசத் தெரியும். அவர்கள் சிரித்தார்கள்.

"சேலைக்காரி, நல்லா இருக்கே. திரும்பு பாப்போம்."

திரும்பினேன்.

"முந்தானையை விரி."

விரித்தேன். கைகளை இரண்டு பக்கமும் நீட்டி, கூடத்துக்கு நடுவில், விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரிய நாச்சியார் தன் சேலைத் தலைப்பை என் பக்கத்திலிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதே கரையில வேற நெறம் இருக்கா?"

இங்கேதான் டீச்சரம்மா, முப்பது வருஷமாக எனக்கு ஆறவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். இது விற்பனைக்கு இல்லை, நான் உடுத்த வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் இருந்து வரும்போது அதைத்தான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"இருக்கு ஆயி. அரக்கு இருக்கு, மயில் கழுத்து இருக்கு. நாளைக்குக் கொண்டாரேன்."

பழகின வாய். அதுவாகச் சொல்லிவிட்டது. கூடம் முழுக்கச் சிரிப்பு. "சரி, போய் மாத்திக்கிட்டு வா" என்றார்கள் மகாராணி. மறு வாரம் உத்தரவில் கடைசியாக ஒரு வரி சேர்த்தார்கள், விற்க வருகிற பெண்கள் பட்டு உடுத்தக் கூடாது என்று. அது உங்கள் காகிதத்தில் இருக்கும், பாருங்கள். எனக்காகவே போட்ட வரி.

கரிசலூர்க்காரர்கள் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். நான் யார் என்று தெரிந்த பிறகு நான் சொன்னதைத் தள்ளியிருக்க வேண்டுமா இல்லையா? தள்ளவில்லை. சேலைக்காரி என்றதும் இன்னும் உறுதியாக நம்பிவிட்டார்கள். யார் முந்தி எத்தனை விரல் உடுத்தினார்கள் என்று சேலைக்காரியைவிட வேறு யாருக்குத் தெரியும்? அப்படி அவர்கள் நம்பியதற்கும் நான்தான் பொறுப்பா?

அன்றைக்குக் கூடத்தை விட்டு வெளியே வந்து, நடையில் முந்தானையை வாரி இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிறேன். பின்னால் கொலுசுச் சத்தம். ராஜாமணி ஓடி வருகிறாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும், பதில் வைத்திருந்தேன். அவள் கிட்டே வந்து கரையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"உனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். மூச்சு வாங்கியது. "அவங்க உங்கிட்டே பேசிக்கிட்டே இருந்தாங்களே, சேலைக்காரி. என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு, கேட்டார்கள் என்று சொன்னால், என்ன கேட்டார்கள் என்பாள். நீ என்ன சொன்னே என்பாள்.

"இல்ல ஆயி. கேக்கலை."

"ஒரு வார்த்தைகூடவா?"

"கொலுப் பொம்மையைப் பத்திக் கேட்டாங்க."

தலையை ஆட்டினாள். கரையில் இருந்த விரலை எடுத்தாள்.

"அம்மா சொல்றாங்க, அவங்க என்னையே காட்டிக் காட்டிப் பேசினாங்களாம், அம்மாவே கண்ணால பாத்தாங்களாம். எனக்கு மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொல்றாங்க. நீயாவது உள்ளதைச் சொன்னே."

திரும்பி நடந்து போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் தாயார் எத்தனையோ இடம் பார்த்தாளாம். இவள்தான், 'என்னைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போவதற்கு நான் இன்னொரு தடவை விளக்குப் பக்கத்தில் உட்காரமாட்டேன்' என்று சொல்லிவிட்டாளாம். இப்போது கீழ அரண்மனை முன்கட்டு முழுக்கப் பத்திரப்பதிவு ஆபீஸ். பின்கட்டில் இரண்டு அறையில் இருக்கிறாள், தனியாக. நூல் சேலைதான் உடுத்துகிறாளாம்.

போய்ச் சொல்லியிருக்கலாம் என்றுதானே நினைக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முகத்தைப் பார்த்துத்தான் நான் பிழைத்தேன். எட்டுத் தெரு தள்ளி இருக்கிறாள், நான் இங்கே கடை வைத்து இருபது வருஷம் ஆகிறது, கடைக்கு வந்து ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவளும் கேட்கவில்லை.